பஞ்சம்மாள் மதினியின் விரல் முட்டி

என் மதினி பஞ்சம்மாளுக்குக் கைரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்திருக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷம் உப்பு வாரியதில் தேய்ந்துபோனது. ரேஷன் கடை மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பார். மெஷின் ஒன்றையும் ஒத்துக்கொள்ளாது. கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்வார்கள். மதினி ஒரு வார்த்தை பேசாமல் கண்ணை விரித்துக் காட்டிவிட்டு அரிசியோடு வருவார். நானாக இருந்தால் அந்த மெஷினைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். இந்தக் காளிராஜுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரே சொல்லும். பொய் இல்லை.

மதினி என் பெரியப்பா மகன் மலையாண்டி அண்ணனின் மனைவி, பக்கத்து வீடு. நாற்பத்தைந்து வயது. பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. நான் எம்.சி.ஏ. சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன். காசு வைத்து ஆடும் கேம்தான் அங்கே செய்தோம். ஆடுகிறவன் தோற்ற பிறகும் எழுந்து போகாமல் இருக்க என்ன நிறம், என்ன சத்தம் என்று யோசிப்பதுதான் என் வேலை. அந்த மாதிரி கேமுக்கெல்லாம் தடை என்று சட்டம் வந்தது. ஒரே வாரத்தில் எங்கள் ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். உள்ளுக்குள் எனக்கு நிம்மதி. ஆனால் வீட்டில் அப்படிச் சொல்ல முடியுமா?

ஊருக்கு வந்து, சொந்தமாக ஒரு கேம் செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். போனில் ஆடுவது. கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மடை திறந்து மாற்றி உப்பு விளைய வைக்க வேண்டும். அவ்வளவுதான். சுடுவதும் கிடையாது, வெட்டுவதும் கிடையாது. உலகத்தில் வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் கேம் வருகிறது. பெரிய கம்பெனிகளே ஆட்களை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்புகின்றன. இதில் வாலிநோக்கத்துக்காரனின் உப்பை யார் சீந்துவார்கள் என்று என் மனைவி மகேஸ்வரி கேட்டாள். நியாயமான கேள்விதான். அவள் ஒரு கெடு வைத்தாள். தனி ஆட்கள் செய்த கேம்களுக்கு என்று இணையத்தில் ஒரு விழா வருகிறது. அதில் என் கேமின் முதல் பகுதியை வைக்கலாம். அதை ஆடிப் பார்த்து, முழுக் கேம் வந்தால் வேண்டும் என்று ஆயிரம் பேர் பெயர் கொடுத்தால் நான் வீட்டிலேயே இருந்து வேலையை முடிக்கலாம். இல்லையென்றால் பெங்களூருக்கு வண்டி ஏற வேண்டும். அங்கே ஒரு கம்பெனி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்குச் சூதாட்டக் கேம் செய்யும் கம்பெனி. பழையபடி அதே பிழைப்பு.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது தலையில் இடி விழுந்தது. முன்னோட்டமாக ஆடிப் பார்த்தவர்களில் பதினோரு பேர், கேம் பாதியில் உறைந்து நின்றுவிடுகிறது என்று எழுதினார்கள். எப்போது, எதைத் தொட்டபோது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் இருநூறு தடவை ஆடிப் பார்த்தேன். எனக்கு ஒரு தடவைகூட நிற்கவில்லை. நிற்காத ஒன்றை எப்படிச் சரிசெய்வது?

அளத்து வேலை முடிந்து மதியம் வரும் மதினி, எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே அந்தக் கேமை ஆடுவது வழக்கம். அன்றைக்கும் ஆடினார். திடீரென்று நின்றுவிட்டது என்றார். எட்டிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் மடக்கி, முட்டியால் திரையைக் குத்திக்கொண்டிருந்தார். அதுவரை சேர்ந்த எரிச்சலெல்லாம் அவர் மேல் பாய்ந்தது.

"மதினி, விரல் நுனியால தொடுங்க. இடிச்சுத் தொறக்குறதுக்கு இது என்ன கதவா?"

மதினி கோபப்படவில்லை. விரல் நுனியைத் திரையில் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த விரலை வைத்தார். அதற்கும் ஒன்றும் இல்லை. உப்பு தின்று மரத்துக் காய்ந்த தோல் அது. ஆள் தொடுவதே போனுக்குத் தெரியவில்லை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக என் கண் முன்னால் ஆடுகிறார், நான் அந்தக் கையைப் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம்தான் அந்த அதிசயம்.

"கொழுந்தனாரே, இதுவரைக்கும் மூணு வாட்டி நின்னுருக்கு," என்றார். "மூணு வாட்டியும் நாலாம் பாத்தி மடையத் தொறந்துட்டு, அது ரொம்புறதுக்குள்ள அடைக்கப் போனேன். அப்பத்தான் நிக்கிது."

எந்தக் கிழமை, அதற்கு முன்னால் எந்தெந்த மடையைத் திறந்தார், எதை அடைத்தார் என்று வரிசை பிசகாமல் சொன்னார். எப்படி ஞாபகம் இருக்கிறது என்று வாயைப் பிளந்தேன். அவருடைய பொறுப்பில் அளத்தில் நாற்பது பாத்தி. எதற்கு எப்போது தண்ணீர் விட்டது, எது எந்தப் பக்குவத்தில் நிற்கிறது என்று காகிதத்திலா எழுதி வைக்கிறோம் என்று கேட்டார். சொன்னபடியே மறுபடி ஆடினார். நின்றது. இன்னொரு தடவை. நின்றது. சென்னையில் எங்கள் கம்பெனியில் கேமைச் சோதிப்பதற்கென்றே பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. சத்தியமாக மெய் சிலிர்த்துவிட்டது.

பிழை பிடிபட்டது. நாலாம் பாத்தி பாதி நிரம்பியிருக்கும்போது இரண்டு முட்டியும் ஒரே நொடியில் திரையில் பட்டால், அந்த மடையைத் திறப்பதா அடைப்பதா என்று தெரியாமல் கேம் திகைத்து நின்றது. பதினோரு பேரும் இரண்டு கட்டை விரலாலும் ஆடுகிறவர்களாக இருக்கும். நான் ஒற்றை விரல்காரன். எனக்கு எப்படி நிற்கும்?

இரண்டாவதாகப் படும் விரலைக் கண்டுகொள்ளாதே என்று ஐந்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன். கேம் நிற்கவில்லை. ஆனால் மதினி ஆடினால் பாதி நேரம் எதுவும் அசையவில்லை. குறி தவறி விழும் முட்டி முதலில் பட்டுவிட, சரியான முட்டியைக் கேம் ஒதுக்கியது. போகட்டும், உலகத்தில் எத்தனை பேர் முட்டியால் ஆடப்போகிறார்கள் என்று நினைத்தேன். பத்தே நாள்தானே இருக்கிறது. மதினி இரண்டு தடவை முயன்று பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டு டீ டம்ளரைக் கழுவப் போனார்.

ரேஷன் கடையில் அப்படித்தான் பேசாமல் கண்ணைக் காட்டுவார். அந்த மெஷின் மேல் வரும் கோபம் இப்போது என் மேலேயே வந்தது. எழுதியதை மொத்தமாக அழித்தேன். விரலோ, முட்டியோ, உள்ளங்கையின் ஓரமோ, எது பட்டாலும் எந்த மடையைத் தொட வந்தது என்று கேம்தான் புரிந்துகொள்ள வேண்டும். எழுதி முடிக்க எட்டு நாள் ஆனது. தினமும் மதினி வந்து குத்திப் பார்த்துவிட்டுப் போவார். ஒன்பதாம் நாள் எங்கே குத்தினாலும் மடை திறந்தது.

விழா முடிந்தபோது பெயர் கொடுத்தவர்கள் ஆயிரத்து நூற்று ஆறு பேர். மகேஸ்வரி இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டாள். பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். கேமில் என் பெயருக்கு மேலே, சோதித்தவர் என்று பஞ்சம்மாளின் பெயர் இருக்கிறது.

வந்த கடிதங்களில் ஒன்று பிரேசிலிலிருந்து. எழுதியவர் கொத்தனார். சிமெண்டில் முப்பது வருஷம் கிடந்த கை. எந்தப் போனும் தன் விரலை மதித்ததில்லை, மகளின் போனில் இந்த ஒரு கேம்தான் தன் கைக்கு அசைகிறது என்று எழுதியிருந்தார். மதினிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். தன் கையைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், அவுக ஊரு ரேஷன் கடையிலயும் கண்ணத்தான் காட்டச் சொல்லுவாகளோ?" என்றார்.