கையெழுத்து விழுந்தால்தான் வண்டி கிளம்பும்

எங்கோ ஓர் ஊர் உதவிக்கு அழைக்க, கிளம்பத் துடிக்கிற தீயணைப்பு வண்டியை மறித்து அதன் அடியில் போய்ப் படுப்பதுதான் என் தொழில். எழுபதுகளின் பின்பாதியில் மதுரையில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் மெக்கானிக்காக இருந்தேன். வெளியூர் ஆபத்துக்குப் போகிற வண்டியை நான் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவசரக்காரர்கள் நடுவே நின்று "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மூன்று நிமிடம்

திண்டுக்கல் பக்கம் பஞ்சுக் கிடங்கில் தீ. அங்குள்ள வண்டிகள் போதவில்லை என்று போன் வந்தது. டிரைவர் கருப்பையா அண்ணன் எஞ்சினை உறுமவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் சக்கர நட்டுகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். இறுகிய நட்டு கணீரென்று கேட்கும். பின்சக்கரத்தில் இரண்டு மட்டும் பொத்தென்றன. தொட்டால் விரலுக்கே சுற்றின. ஸ்பானரை எடுத்தேன். முடுக்கி முடிக்க மூன்று நிமிடம். அதற்குள் அண்ணன் வையாத வசவில்லை.

சாயங்காலம் கரி அப்பிய முகத்தோடு திரும்பினார். வாடிப்பட்டி தாண்டி, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப்போய், அதே வேகத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறியதாம் வண்டி. பின்சக்கரத்தைக் காலால் ஓர் உதை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, காலையில வஞ்சதையெல்லாம் திருப்பி எடுத்துக்கிறேன். நாளைக்கு வஞ்சா அது தனிக் கணக்கு."

போடாத கையெழுத்து

கடலோரத்தில் புயல். ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், மாடியில் நோயாளிகள். தண்ணீரை இறைக்க இரண்டு வண்டி கேட்டார்கள். முதல் வண்டியை உடனே அனுப்பிவிட்டேன். இரண்டாவதில் பிரேக்கை மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல மெல்ல உள்ளே போனது.

அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த ஆபீசர், "நான் சொல்றேன், போடுய்யா கையெழுத்தை" என்றார். "மாட்டேன் சார்" என்றது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கோபத்தில் அவரே முன்சீட்டில் ஏறி, வண்டியை முற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னார். கருப்பையா அண்ணன் மெதுவாகத்தான் எடுத்தார். பிரேக்கை மிதித்தார். வண்டி பாட்டுக்குப் போனது. கை பிரேக்கை இழுத்தும் நிற்காமல், பயிற்சிக்கு அடுக்கியிருந்த மணல் மூட்டைகளில் முட்டித்தான் நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஆபீசர் இறங்கினார், சட்டைக் கையை மடித்தார், என்னோடு வண்டிக்கு அடியில் வந்து படுத்தார். ஒர்க் ஷாப்பில் கிடந்த அதே ரக வண்டியிலிருந்து, பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி இதில் மாட்டி, ஒரு மணி நேரத்தில் தயார் செய்துவிட்டோம். காகிதத்தை நீட்டினேன். வாங்காமல் சொன்னார்: "முதல்ல நீ போடு. உன் பேருக்குக் கீழதான் நான் போடணும்."

கொட்டாம்பட்டி ஓஸ்

திருச்சிக்கு அப்பால் கூரை வீடுகள் வரிசையாக எரிகின்றன என்று தகவல். பாரம் குறைந்தால் வேகமாகப் போகலாம் என்று டாங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம். நானும் ஏறிக்கொண்டேன். கொட்டாம்பட்டியை நெருங்கும்போது ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய், அந்த ஓஸ், வெடித்து, குபுகுபுவென்று ஆவி. காலையில் அந்த ஓஸைக் கண்ணால் பார்த்தேனே தவிர, அமுக்கிப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. அங்கே வீடுகள் எரிகின்றன, இங்கே நான் தலையில் கைவைத்து நிற்கிறேன்.

பக்கத்து வயலில் பம்புசெட்டு வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு அக்கா ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் தன் ஓஸில் ஒரு முழம் அறுத்துக் கொடுத்தார். அளவு கொஞ்சம் பெரிது. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். ரேடியேட்டருக்கு நான்கு குடம் தண்ணீரும் அவரே ஊற்றினார். பறந்தோம். போய்ச் சேர்ந்தபோது பாதித் தெரு போயிருந்தது. மீதித் தெருவைக் காப்பாற்றிவிட்டோம்.

மறுநாள் திரும்புகையில் வண்டியை நிறுத்தி, அந்த அக்காவிடம் போய்ச் சொன்னோம். கருப்பையா அண்ணன் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். அக்காவுக்குக் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அம்புட்டுச் சனமும் பிழைச்சதுல ரொம்பச் சந்தோசம்ணே. மதுரைக்குப் போனதும் என் ஓஸைக் கழட்டிக் குடுத்து விட்டுருங்க, வயலு காயுது."

நான் ஒழுங்காக வேலை பார்த்த மற்ற நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட பெரிய வெற்றி.