வீம்புப் பனை

என் பெரியம்மாவுக்கு யாரையும் பிடிக்காது. அவளையும் யாருக்கும் பிடிக்காது. இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அங்கே அவளுக்கு 'முள்கம்பி' என்று பெயர். தெரிந்தபோதும் அவள் வருத்தப்படவில்லை. "கிட்ட வராம இருப்பாங்கல்ல" என்றாள்.

பனை வளர்த்ததும் ஆசையால் அல்ல. குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாயே உறைந்துபோகும் ஊர் எங்களுடையது. மூடப்போகிற நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து, குளிர் தாங்கும் விசிறிப்பனை என்று சொல்லி முழங்கால் உயரக் கன்று ஒன்றைக் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இந்தக் குளிர்ல பனையா? அடுத்தது ஒட்டகமா?"

"ஆமா. அதைக் கட்ட உங்க வாசலைத்தான் பார்த்து வச்சிருக்கேன்."

ஒரு குளிர்காலம்கூடத் தாண்டாது என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காகவே பதினோரு குளிர்காலம் அதைத் தாண்ட வைத்தாள். தண்ணீர் தேங்காதபடி சரளை கலந்து மண்ணை மேடாக்கினாள். மரம் ஆளுயரம் தாண்டியது. காற்றடித்தால் இலைகள் டிரைவரின் ஜன்னலை உரசும். அவர் கத்துவார். இவள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

பன்னிரண்டாவது குளிர்காலத்தில் அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. தாவரவியல் பட்டத்தோடு, வேலையில்லாமல், நான் அவள் வீட்டில் இருந்தேன். குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியவளும் அவள்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "இலை நல்லா காஞ்ச அப்புறம் தூக்கிக் கட்டு. மேல சாக்கு போடு. பிளாஸ்டிக் போடாதே. புரியுதா?"

புரிந்தது. ஆனால் கடும் உறைபனி வரும் என்று வானிலை அறிக்கையில் சொன்ன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ஈர இலைகளையே சேர்த்துக் கட்டி, கனமான பிளாஸ்டிக் தாளை மூன்று சுற்றுச் சுற்றினேன். சாக்கைவிட அது நன்றாகக் காக்கும் என்று நம்பினேன். அது படிப்பு தந்த நம்பிக்கையா, வெறும் திமிரா, இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அதுவரை படுக்கையிலேயே இருந்த பெரியம்மா, குளிர் முடிந்ததும் ஊன்றுகோலோடு தோட்டத்துக்கு வந்து கட்டைப் பிரித்தாள். புளித்த நாற்றம் அடித்தது. நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தாள். முழுசாகக் கையோடு வந்தது. அடிப்பகுதி கூழாகியிருந்தது.

"போச்சா? ரம்பம் தரட்டுமா?" என்றார் டிரைவர், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

பெரியம்மா என் பக்கம் திரும்பினாள்.

"பிளாஸ்டிக்கா?"

"பெரியம்மா, உறைபனி வரும்னு..."

"குளிர் அதைக் கொல்லலடி. நீதான் கொன்னே. போய் அந்தச் சட்டத்தைக் கழட்டு."

கழற்றினேன்.

அழுகலைப் பழைய கரண்டியால் அவளே தோண்டி எடுத்தாள். பூஞ்சைக்கொல்லியை ஊற்றினாள். மழை இறங்காதபடி பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்க்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டு தகரத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தாள். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் மேஜையில் ணங்கென்று வைப்பாள்.

கோடையில் ஒரு நாள் அந்தக் குழியிலிருந்து புது இலை வந்தது. கத்தரியால் நறுக்கியது போல நுனியே இல்லாமல், மொட்டையாக.

"என்ன, முடி வெட்டி விட்டீங்களா?" டிரைவர் கேட்டார்.

"உசிரு இருக்கு. உங்க ரம்பத்தால நீங்க நகம் வெட்டிக்கோங்க."

அடுத்த குளிர்காலத்துக்கு முன் என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். கையில் சாக்கு.

"இலை காஞ்சிருக்கான்னு தொட்டுப் பாரு."

"காஞ்சிருக்கு பெரியம்மா."

"எல்லாத்தையும் தொடு."

தொட்டேன். நான் தொட்ட ஒவ்வோர் இலையையும், எனக்குப் பின்னாலேயே வந்து, அவள் மறுபடி தொட்டுப் பார்த்தாள்.