நாலடி தள்ளி வைத்த கேமரா

திம்மையாவுக்குக் கண் போய்விட்டதாம். பாளையம்பட்டியில் இருக்கிற மச்சினி சுகப்பிரியா போனில் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா, அதாவது ஷார்ஜாவில் என்னோடு இருக்கிற என் மனைவி ரோஷினி, மாவு பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னாள்.

"எடை மேடையில இருப்பாகளே, பந்து மேட்சுக்கு விசில் ஊதுவாகளே, அவுகளுக்குத்தான். புரையாம். நரம்பாம்னும் சொல்றாக. முதலாளி வேற ஆளு தேடுறாராம்."

"யாரு சொன்னா?"

"பால்காரம்மா சொல்லுச்சாம். அதுகிட்ட யாரோ லாரி டிரைவரு சொன்னாராம். ஏங்க, உங்களுக்கு ஏன் மூஞ்சி இப்பிடிப் போகுது?"

திம்மையாவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும்.

பாளையம்பட்டியைத் தாண்டியதும் சாலையோரம் அந்த எடை மேடை. லாரி வந்து இரும்புத் தகட்டின் மேல் நிற்கும். கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண்கள் ஓடி ஓய்ந்ததும் திம்மையா சீட்டு அடித்துக் கொடுப்பார். கரிமூட்டை, மக்காச்சோளம், நரிக்குடிப் பக்கத்து நெல் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும். லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும் விசிலில்தான். "சார், ஃபவுலா?" என்று டிரைவர்கள் கேட்பார்கள். "எறங்கி வா, கார்டு தாரேன்" என்பார். லாரி மேடையில் நிற்கும்போது யார் கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டார். அவர் வீட்டம்மா கூப்பிட்டாலும் அப்படித்தான்.

ஐம்பத்து நாலு வயது. அருப்புக்கோட்டையில் தறி போடும் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். இருபத்திரண்டு வயதில் சாத்தூரில் ஒரு மேட்சில் வலது முட்டி போயிற்று. ஆடத்தான் முடியவில்லை, ஆடுகிற இடத்தில் நிற்கவாவது செய்யலாமே என்று மதுரைக்குப் போய் நடுவர் பரீட்சை எழுதித் தேறிவந்தார். நடக்கும்போது லேசாகக் காலைத் தாங்குவார். விசிலை வாயில் வைத்துவிட்டால் அந்தத் தாங்கல் தெரியாது.

மே மாத வெயிலிலும் கறுப்புச் சட்டை, கறுப்பு டவுசர், இஸ்திரி மடிப்புக் கலையாமல் வருவார். பையன்கள் அவர் காதில் விழும்படியே "காக்கா சார்" என்பார்கள். "காக்காவுக்கு ரெண்டு பக்கமும் பார்வைடா, பாத்து ஆடு" என்பார். ஆட்டத்தின் கடைசிப் பத்து நொடியை அவர் தெலுங்கில் முணுமுணுத்து எண்ணுவது எல்லா அணிக்கும் தெரியும். "ஏலே, எனிமிதி வந்துருச்சு, தூக்கி அடிலே!" என்று, எனிமிதி என்றால் எட்டு என்பதைத் தவிர வேறு தெலுங்கே தெரியாதவனும் கத்துவான்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் காரியாபட்டி மேட்சைச் சொல்லாமல் முடியாது. பதினைந்து வருடத்துக்கு முந்திய கதை. எதிரணிக்காரன் கையில் பந்து பட்டது என்று எங்கள் அணிக்குப் பெனால்டி கொடுத்தார். பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தவன் நான்தான். அவர் விசிலை வாயில் வைத்தவர், எடுத்துவிட்டு, அந்தப் பையனிடம் போய் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பனியனைப் பார்த்தார்.

"செம்மண்ணு நெஞ்சுல ஒட்டியிருக்கு. கையில இல்ல. நாந்தான் தப்பாப் பாத்துட்டேன். பெனால்டி கிடையாது."

கூட்டம் அவரைக் கேட்காத கேள்வி இல்லை. சாயங்காலம் அவருடைய வண்டியில் இரண்டு டயரிலும் காற்று இல்லை. தள்ளிக்கொண்டு போனவருக்கு, கோபம் தீராமலே, நான் ஒரு கை கொடுத்தேன்.

"ஊதுனது ஊதுனதுதான்னு இருந்திருக்கலாம்லண்ணே?"

"திரும்ப ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள மாத்தலாம் தம்பி. ஆரம்பிச்சுட்டா மாத்த முடியாது, அதான் சட்டம். அந்தச் சின்ன எடைவெளிக்குள்ள வாயத் தொறக்கணும். தொறக்கத்தான் பயமா இருக்கும்."

போன வருடம் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அவருடைய ஆட்டத்துக்குள் கேமராவைக் கொண்டுவந்தவன் நான். ஷார்ஜாவில் ஒரு கிடங்கின் கண்காணிப்பு அறையில் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. ஊரில் "சங்கரு கேமராப் பக்கம் பெரிய ஆளு" என்று பேச்சு. அந்தப் பேச்சை நான் திருத்தியதில்லை. திருச்சுழிப் போட்டிக் குழுவின் செயலாளர் மாரீஸ்வரனிடம் என் பழைய போன்கள் இரண்டையும் ஸ்டாண்டுகளையும் கொடுத்து, டிவியில் வருகிற மாதிரி சந்தேகமான கோலை வீடியோ பார்த்து முடிவு செய்யலாம் என்றேன். திம்மையாவைச் சம்மதிக்க வைக்க எடை மேடைக்கே போனேன்.

அவர் எதிர்க்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

"வையி தம்பி, நல்லதுதான். எனக்கு எத்தன தடவ தப்பியிருக்கு, எனக்குத் தெரியாதா? ஒரு ஆளு, ரெண்டு கண்ணு, ஒரு நொண்டிக் காலு. ஆனா ஒண்ணு." வெளியே நின்ற லாரியைக் காட்டினார். "இந்த மிசினு பொய் சொல்லாது. ஆனா பின்சக்கரம் தகட்டுக்கு வெளிய நிக்கிறது அதுக்குத் தெரியாது. லோடோட நிறுக்கைல டிரைவரும் கிளீனரும் உள்ள உக்காந்துக்கிருவாக, காலி வண்டிய நிறுக்கைல எறங்கிக்கிருவாக. அதுவும் அதுக்குத் தெரியாது. அதுக்குத்தான் நான் சம்பளம் வாங்குறேன். ஒங் கேமரா எங்க நின்னு பாக்குதுன்னு யாரு பாக்குறது?"

"நான் பாத்துக்கிறேண்ணே" என்றேன்.

வீடியோவை யார் பார்ப்பது என்று குழுவில் சண்டை வந்தது. உள்ளூரில் யாரைச் சொன்னாலும் அவன் ஏதாவது ஓர் அணிக்காரனுக்கு மாமனோ மச்சானோ ஆகிவிடுகிறான். கடைசியில் மாரீஸ்வரன்தான் சொன்னான்: "அண்ணன் ஷார்ஜாவுல இருக்காக. அங்க யாரு போயி அவுக சட்டையப் பிடிக்க முடியும்? அவுகளே பாக்கட்டும்." எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மே மாதக் கடைசி ஞாயிறு. வற்றிய கண்மாய்க்குள் இறுதி ஆட்டம், காரியாபட்டிக்கும் நரிக்குடிக்கும். நான் வேலையில் இருந்தேன். கண்காணிப்பு அறையில் போன் கூடாது. மேசைக்கு அடியில் வைத்திருந்தேன். ஆட்டம் தொடங்கும் முன்பே மாரீஸ்வரன் கூப்பிட்டான்.

"அண்ணே, கோல் கோட்டுக்கு நேரா ஐஸ் வண்டிக்காரன் நிக்கிறான். 'யாவாரம் போயிரும், நகர மாட்டேன்'ங்கிறான். கேமராவ நாலடி தள்ளி, மைதானத்துப் பக்கமா வச்சுருக்கோம். சரியா வருமா?"

"பரவாயில்ல, வையி" என்றேன். மேற்பார்வையாளர் கதவருகே நின்றிருந்தார். பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது.

ஒன்றுக்கு ஒன்று சமம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். காரியாபட்டிக்காரன் தலையால் முட்டிய பந்தை நரிக்குடி கோல்கீப்பர் அருண்பாண்டியன் கோட்டின் மேல் எட்டித் தட்டிவிட்டான். கோட்டைத் தாண்டிவிட்டது என்றார்கள் இவர்கள், தாண்டவில்லை என்றார்கள் அவர்கள். திம்மையா மூன்று கஜத்தில் நின்றிருந்தார். கோல் இல்லை என்று கை காட்டினார். கேமரா, கேமரா என்று கூட்டம் கத்தியது.

வீடியோ எனக்கு வந்தது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நிறுத்தினேன். வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு, அதற்கு அப்பால் பந்து. மேற்பார்வையாளரின் பூட்ஸ் சத்தம் கேட்டது. பந்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டேன், கோட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன், 'கோல்' என்று எழுதி அனுப்பினேன். எல்லாம் நாற்பது நொடி.

உடனே போன் அதிர்ந்தது. மாரீஸ்வரன் போனில் திம்மையா.

"தம்பி, வெயில்ல இந்தப் போன்ல எனக்கு ஒண்ணும் தெரியல. நீ பாத்தியா? நல்லாப் பாத்தியாப்பா?"

"பாத்துட்டேண்ணே. க்ளியரா கோல்."

"சரி. ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான்" என்றார். பிறகு விசில் சத்தம். மைக்கில் மாரீஸ்வரன்: "ஷார்ஜாவுல இருந்து பாத்துச் சொல்லிட்டாக, கோல்!"

காரியாபட்டி கோப்பை வாங்கியது. ராத்திரிக்குள் என் சிவப்பு வட்டம் எல்லாப் போன்களுக்கும் போய்விட்டது. 'காக்கா சாருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கப்பா' என்று யாரோ அதன் மேல் எழுதியிருந்தார்கள். நரிக்குடிக்காரர்களாவது அவர் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தேன். "பாத்தேன்னு சொன்ன மனுசன் அடுத்தவன் பேச்சக் கேட்டு ஏன் மாத்துனாரு?" என்று அவர்களும் அவரைத்தான் பிடித்தார்கள். எடை மேடைக் கதவில் யாரோ ஒரு பிளாஸ்டிக் கூலிங் கிளாஸைத் தொங்கவிட்டுப் போனார்களாம். அதற்குப் பிறகு எந்த மேட்சுக்கும் அவர் போகவில்லை. மாரீஸ்வரன் கூப்பிட்டதற்கு, "இனி அந்தப் பெட்டியே ஊதட்டும்ப்பா" என்றாராம்.

ஒரு வாரம் கழித்து ரோஷினி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்களேன், சுகப்பிரியா மக ஐஸ் திங்கிற அழக!"

திருச்சுழிக் கண்மாயில் ஐஸ் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு குழந்தை சேமியா ஐஸ் தின்றுகொண்டிருந்தது. முழங்கை வரை ஒழுகியது. அதன் காதுக்குப் பின்னால் கோல் கம்பம். இரண்டு கம்பங்களும் ஒன்றாய்த் தெரிந்தன. அவ்வளவு நேர்க்கோட்டில் நின்றிருந்தது ஐஸ் வண்டி. பந்து பறந்து வந்தது. அருண்பாண்டியனின் கை தட்டியது. பந்து கம்பத்துக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. முக்கால் பந்து மைதானத்துக்குள் இருந்தது.

பஸ்ஸில் டிரைவருக்கு இடது பக்கச் சீட்டிலிருந்து பார்த்தால் ஸ்பீடு முள் வேறு எண்ணைக் காட்டும். அந்த மாதிரிதான். தரையில் கிடக்கிற பந்தென்றால் எங்கிருந்து பார்த்தாலும் கோட்டை ஏமாற்ற முடியாது. காற்றில் இருக்கிற பந்தை நாலடி தள்ளி நின்று பார்த்தால் அது அப்பால் போனதாகத் தெரியும். தினமும் எட்டு மணி நேரம் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். எனக்குத் தெரியாத விஷயமில்லை.

"நல்லாருக்கா?" என்றாள் ரோஷினி.

"நல்லாருக்கு. எனக்கும் அனுப்பு" என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டம் திரும்ப ஆரம்பித்துவிட்டால் மாற்ற முடியாது, கோப்பையையே கொடுத்தாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சொன்ன சட்டத்தை வைத்தே அவரிடமிருந்து ஒளிந்துகொண்டேன். அவர் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், வீடியோ அனுப்ப முடியாது என்பது அதற்கடுத்த சாக்கு. சில நாள் வேலைக்கு நடுவே அந்த வீடியோவைப் போட்டுப் பார்ப்பேன், இந்தமுறையாவது பந்து தாண்டிவிடாதா என்பதுபோல. குழந்தை ஒவ்வொரு முறையும் அதே ஐஸைத் தின்றது.

இன்றைக்குக் காலையில் ரோஷினி சொன்ன செய்தி வந்த வழியை யோசித்துப் பார்த்தேன். பந்து தெரியாதவருக்கு எடை எண் எப்படித் தெரியும் என்று எவனோ ஒரு டிரைவர் ஆரம்பித்திருக்கிறான். அவ்வளவுதான் நடந்திருக்கும். முதலாளி ஆள் தேடுவது பொய்யாகவே இருந்தாலும், கண் போன பேச்சு ஒன்றே போதும், அந்த மனிதரின் வேலை போய்விடும். என் சிவப்பு வட்டத்தில் இருந்துதான் அது கிளம்பியது.

ரோஷினியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கையில் மாவோடு ஐஸ் வீடியோவை மறுபடி பார்த்தாள்.

"எட்டு மாசமா இத வச்சுக்கிட்டா என்கூட உக்காந்து சோறு தின்னீக?" என்றாள்.

போட்டிக் குழுவின் வாட்ஸப்பில் எழுதத் தொடங்கினேன். முதலில் எழுதியதில் ஐஸ் வண்டி இருந்தது, வெயில் இருந்தது, மேற்பார்வையாளர் இருந்தார். எல்லாவற்றையும் அழித்தேன். அனுப்பியது இவ்வளவுதான்: 'அன்று விழுந்தது கோல் இல்லை. திம்மையா அண்ணன் பார்த்ததுதான் சரி. கேமரா தள்ளி நிற்பது தெரிந்தும் கோல் என்று சொன்னவன் நான். இந்த வீடியோ எட்டு மாதமாக என்னிடம் இருக்கிறது.' கீழே ஐஸ் தின்னும் குழந்தை. எடை மேடை முதலாளியின் மகனும் அந்தக் குழுவில் இருக்கிறான்.

இரண்டு நிமிடத்தில் மாரீஸ்வரன்: 'என்னண்ணே, இப்பப் போயி. கப்ப யாருகிட்ட போயி எப்பிடி வாங்குறது?'

அருண்பாண்டியன் குரலிலேயே அனுப்பினான்: "ஏலே, அன்னைக்குத் தொண்ட கிழியச் சொன்னேனே, எவனாச்சும் கேட்டீகளாடா? அந்த மனுசன் மூஞ்சில இனி எப்பிடிடா முழிப்பீக?"

அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தன. நான் படிக்கவில்லை. இதை மற்றவர் வாயால் அவர் கேட்கக் கூடாது.

திம்மையா அண்ணன் எண்ணைப் போட்டேன். மணி முழுதும் அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

"ஊருல இப்ப என்ன மணி?" என்றாள் ரோஷினி.

"பதினொண்ணு."

"லோடு வர்ற நேரம். மேடையில லாரி நிக்கும். அதான் எடுக்கல."

லாரி நிற்க வேண்டும். அவர் கண்ணாடி அறைக்குள் இருக்க வேண்டும், விசில் கழுத்தில் தொங்க வேண்டும், பின்சக்கரம் தகட்டின் மேல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் அவர் எடுக்காமல் இருக்க வேண்டும்.

மறுபடியும் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கிறது.