அடுத்த வீட்டுக்குக் கேட்ட ஸ்டீயரிங்

வலது கண்ணில் பார்வை போன பிறகு என்னால் டாக்ஸி ஓட்ட முடியவில்லை. லைசென்ஸையும் புதுப்பித்துத் தரவில்லை. தாராவியில் எங்கள் சந்திலேயே இருக்கும் தோல் பைகள் செய்யும் பட்டறையில் பார்சல் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். என் மனைவி அங்கேதான் தைக்கிறாள். சாயங்காலங்களில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்த என் மச்சினன், தான் விளையாடி அலுத்துப்போன கார் ரேஸ் கேமுக்கான ஸ்டீயரிங்கையும் பெடலையும் ஒரு பழைய கம்ப்யூட்டரோடு கொண்டுவந்து மேசையில் பூட்டிவிட்டுப் போனான். சின்னப் பிள்ளைகள் சாமான் என்றுதான் நினைத்தேன். ஆனால் வளைவில் திருப்பும்போது அது கையை எதிர்த்துத் தள்ளியது. வண்டியின் கனம் அதில் இருந்தது. அதன் பிறகு தினமும் ஓட்டினேன்.

கொஞ்ச நாளில் திருப்பும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மேசை அடுத்த வீட்டோடு பொதுவான சுவரை ஒட்டிக் கிடந்தது. ஒரு நாள் அந்த வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க ஓட்ட ஆரம்பிச்சா புள்ள முழிச்சிருதான். பொறவு ஒறங்கவே மாட்டேங்கான்."

வெட்கமாகிவிட்டது. தையல் மெஷின் எண்ணெயை இடுக்கு வழியாக விட்டுப் பார்த்தேன். அடங்கிய சத்தம் மறுநாளே திரும்பியது. சயானில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் எண்ணெய் கூடாதென்று சொல்லி, பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்குப் போடும் வெள்ளை கிரீஸ் ஒரு டியூப் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை திறக்க உட்கார்ந்தேன். அடியில் ஆழமான துளைகளுக்குள் திருகுகள். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடவில்லை. ஸ்குரூடிரைவர் திருகை விட்டு விலகி விலகிப் போனது. டாக்ஸியில் சின்ன ரிப்பேரை எல்லாம் நானே பார்த்தவன். கோபம் வந்தது. என் மனைவி கையை நீட்டினாள்.

"இங்க கொண்டாங்க மச்சான். நீங்க லைட்டப் புடிங்க."

கொடுத்தேன். மொபைல் வெளிச்சத்தில் அவள் ஒவ்வொரு திருகாகக் கழற்றி வரிசையாகத் தட்டில் வைத்தாள். உள்ளே பழைய கிரீஸ் கறுத்து ஓரங்களில் ஒதுங்கியிருந்தது. பற்கள் காய்ந்து கிடந்தன. காய்ந்ததுதான் காரணம் என்றேன். அவள் ஸ்டீயரிங்கைத் தள்ளும் சின்ன மோட்டாரை விரலால் அசைத்துப் பார்த்தாள்.

"இதும் ஆடுதே."

மோட்டாரைப் பிடிக்கும் திருகுகள் தளர்ந்திருந்தன. அவற்றை முடுக்கினாள். பற்களைத் துடைத்துப் புது கிரீஸ் தடவி மூடினோம். கரன்ட் கொடுத்ததும் ஸ்டீயரிங் தானாக இரண்டு பக்கமும் ஒருமுறை சுற்ற வேண்டும். அசையவே இல்லை.

"போச்சு. கடையிலேயே குடுத்திருக்கணும்," என்றேன்.

"கழட்டுனவளுக்குத் திரும்பக் கழட்டத் தெரியாதா? பொறுங்க."

மறுபடி திறந்தபோது ஒரு மெல்லிய ஒயர் சரியாகச் சொருகாமல் இருந்தது தெரிந்தது. அழுத்திவிட்டு மூடினாள். இந்தத் தடவை அது சுற்றியது. மேசையையும் எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். மனைவி அடுத்த வீட்டுக்குப் போய் நின்றுகொண்டு, என்னை ஓட்டச் சொன்னாள். ஒரு சுற்று முடித்து வெளியே வந்தேன். குழந்தை அந்தப் பெண்ணின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"கேக்குதாம்மா?"

"லேசா கேக்கு. பரவால்ல காக்கா, புள்ள அசையல."

வீட்டுக்குள் வந்ததும் என் மனைவியை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். இத்தனை வருஷம் டாக்ஸி ஓட்டியும், அவளை ஒரு நாளும் ஸ்டீயரிங் பக்கம் உட்காரவைத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. திரையில் மற்ற கார்களெல்லாம் முந்திப் போக, மெதுவாகப் போய் முதல் வளைவிலேயே சுவரில் இடித்தாள்.

"பிரேக் எது?"

காட்டினேன். அப்புறம் எங்கே திருப்ப வேண்டும், எங்கே வேகம் குறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. நாந்தான ஓட்டுதேன்," என்றாள்.

அவள் இன்னும் இரண்டு இடத்தில் இடித்து, ஒரு முழுச் சுற்றை முடித்தாள். தோள் வலிக்கிறது என்று எழுந்தவள், நாளைக்குத் தான்தான் முதலில் உட்காரப்போவதாகச் சொன்னாள்.