மாடி ரூமின் ஆள் அளவு

நான் காலண்டர் கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். பட்டாசு லேபிளும் போடுவேன். என் மனைவி நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். எந்த ரூமில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு வெடிமருந்து இருக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவள் வேலை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு மாடல் பைக், மாடல் கார் செய்கிற பைத்தியம் உண்டு. கிட் கூரியரில் வரும். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் கடைசியில் உள்ளங்கையில் நிற்கிற ஒரு வண்டி கிடைக்கும். இதில் ஏறிப் பஸ் ஸ்டாண்டு வரையாவது போகமுடியுமா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். ஒரு மாதம் உட்கார்ந்து செய்த வண்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற சந்தோஷம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

பிரஷ்ஷில் தண்ணீர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரை என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பிரே கன்னும் சின்ன கம்ப்ரஸரும் வாங்கியபோதுதான் வினை வந்தது. ஸ்பிரே அடிக்க, பெயின்ட்டைக் கரைக்கிற தின்னர் வேண்டும்; அது சட்டென்று தீப்பிடிக்கும். ஒருநாள் சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தவள் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்க, வீட்டுக்குள்ள என்ன வச்சிருக்கீக?"

"பெயின்ட்டுதான்."

"பெயின்ட்டு வாசம் எனக்குத் தெரியாதாக்கும்? எதுல கலக்குனீக?"

பாட்டிலைக் காட்டினேன். அதிலிருந்த நெருப்புப் படத்தை விரலால் தட்டினாள். "நாள் பூரா இந்தப் படத்த லேபிள்ல போடுறதே நீங்கதான். வீட்டுக்கு வந்தா கண்ணு அவிஞ்சு போகுமா? அங்கன பாருங்க, அடுப்பு எம்புட்டுத் தூரத்துல இருக்குன்னு."

அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது. அவள் சொன்னது சரி. அதனால் எனக்குக் கோபம் வந்தது. எதிராளி பேச்சில் நியாயம் இருந்தால் எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாடி ரூமிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் அவள் வெளியே எடுத்துப் போட்டாள். கதவோரம் ஒரு மணல் வாளி, ஒரு தண்ணீர் வாளி. தரையில் ரப்பர் ஷீட். கம்ப்ரஸர் வெளியே இருக்கவேண்டும், டியூப் மட்டும் சுவரில் ஓர் ஓட்டை வழியாக உள்ளே வரலாம். செல்போன் படிக்கட்டோடு நின்றுவிட வேண்டும். சாப்பாடு, டீ கிடையாது. பருத்திச் சட்டை மட்டும்தான்; நைலானும் பிளாஸ்டிக்கும் உரசினால் பொறி வருமாம். கடைசியாக வெள்ளைப் பெயின்ட் எடுத்து, ஆலையில் எழுதுகிற மாதிரியே கதவுக்குப் பக்கத்தில் எழுதினாள்: "பெயின்ட் ரூம். ஆட்கள்: 1. தின்னர்: ஒரு பாட்டில்."

"எந்த ஆபீசர் வந்து செக் பண்ணப் போறாரு?" என்று சிரித்தேன்.

"நான்தான்," என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. ஒருமுறை பக்கத்து ஆலையில் ஒரு ரூம் வெடித்தபோது, தன் ஆட்கள் எல்லாரும் வந்து சேரும்வரை வேனுக்குப் பக்கத்தில் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து காபி டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தாள், குடிக்கவில்லை. அதனால் அந்த எழுத்தைப் பார்த்து எவ்வளவு கிண்டல் செய்தாலும் அதை அழிக்க எனக்கு மனசு வந்ததில்லை.

தீபாவளி முடிந்தது. சீசன் ஓய்ந்து ஆலையைக் கொஞ்ச நாள் மூடினார்கள். வீட்டில் சும்மா இருக்க அவளால் ஆகாது. நான் லீவாக இருந்தால் மாடிக்கு வந்துவிடுவாள். வந்தாலும் உள்ளே நுழைய முடியாது. உள்ளே ஏற்கெனவே ஓர் ஆள், அதாவது நான், இருந்தேன். வாசல்படியில் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பாள்.

"அந்த சைலன்சர் கோணலா இருக்கு."

"எங்க? இங்கன வந்து காட்டு."

ஒரு காலைத் தூக்குவாள். சுவரைப் பார்ப்பாள். காலைக் கீழே வைத்துவிடுவாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"ஏன், ரூல்சு இடிக்குதா?"

பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்தே குற்றம் கண்டுபிடிப்பாள். "ஓடுற வண்டியில செயினு இம்புட்டுச் சுத்தமாவா இருக்கும்?" என்றாள் ஒருநாள். கறுப்பையும் பிரவுனையும் கலந்து செயினில் லேசாகத் தடவினேன். பொம்மை மாதிரி இருந்த பைக் சட்டென்று ரோட்டில் ஓடி வந்த மாதிரி ஆகிவிட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கையில் பிடிக்க முடியாது. ஆனால் அவள் வராத நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

அப்படி ஒரு மத்தியானம் பிரேக் கேபிள் மாட்ட உட்கார்ந்தேன். நூலைவிடக் கொஞ்சம் தடிமனான கறுப்பு டியூப். ஹேண்டில் பாரிலிருந்து முன் சக்கரத்துக்கு அதைக் கொண்டுபோய் ஒட்டவேண்டும். ஒரு கை வண்டியைப் பிடிக்க, ஒரு கை டியூபைப் பிடிக்க, ஒரு கை பசை வைக்க. எனக்கு இருப்பது இரண்டே கை. டியூப் துள்ளித் துள்ளி விழுந்தது.

"கொஞ்சம் உள்ள வந்து பிடி."

"ஆள் அளவு ஒண்ணு."

"விளையாடாத. ஒரு நிமிஷந்தான்."

"நான் விளையாடல. ஒரு நிமிஷந்தான்னுதான் எல்லாரும் சொல்லுவாக."

அதற்குள் டியூப் மறுபடி துள்ளி, பசை பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் சொட்டியது. பார்த்துப் பார்த்து அடித்த சிவப்புப் பெயின்ட் கொப்புளம் கட்டியது. எனக்கு வந்ததே கோபம்.

"இது உன் பாக்டரி இல்ல, வீடு! நீயும் உன் ரூல்சும்! இதுக்குப் பேசாம இந்த ரூமை இடிச்சுத் தள்ளிரு!"

அவள் நாற்காலியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அதற்குப் பிறகு வீட்டில் கரண்டிதான் பேசியது.

மறுநாள் கம்பெனியில் எனக்கு எதுவும் ஓடவில்லை. லட்சுமி படத்தில் தாமரைக்குப் பச்சை அடித்துவிட்டேன். சாயங்காலம் தெருமுனை திரும்பும்போதே சம்மட்டிச் சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் உடைந்த செங்கல் குவிந்து கிடந்தது. மாடியில் ஒரு கொத்தனார் என் ரூமின் பின்சுவரை இடித்துக்கொண்டிருந்தார்.

நான்தான் சொன்னேன். செய்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் படியேறி ஓடினேன்.

"பாத்து வாங்க அண்ணாச்சி, கல்லு கெடக்கு," என்றார் கொத்தனார்.

என் மேசை வெளியே, தண்ணீர்த் தொட்டி ஓரமாக, பழைய நூல் சேலையால் பத்திரமாகப் போர்த்தி இருந்தது. பக்கத்தில் அவள் நின்றிருந்தாள்.

"என்ன இது, நெசமாவே இடிச்சிட்டியா?" என் குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்டது.

"ஒரு சுவருதான். ரெண்டு பேரு உக்காரணும்னா ரெண்டு வாசல் வேணும்ல. ஒண்ணு அடைபட்டா இன்னொண்ணு வழியா ஓடணும். அது இல்லாம நான் எப்பிடி உள்ள வாரது?"

கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "ஆட்கள்" என்பதற்குப் பக்கத்தில் இருந்த 1-ஐச் சுரண்டி எடுத்திருந்தாள். அந்த இடம் காலியாக இருந்தது. கதவு வைத்த பிறகுதான் எழுதுவாளாம். "வெளிப்பக்கமாத் தொறக்கிற மாதிரி வைங்க," என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு டீ போடக் கீழே போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது.

கதவு வைத்து, சிமென்ட் காய்ந்து, டேங்கைத் தேய்த்துத் திரும்பப் பெயின்ட் அடித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, அவள் சுவரில் 2 என்று எழுதினாள். பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே விட்டுவிட்டு, ஒரு மர முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல்படியில் நின்றாள்.

"வலது கால எடுத்து வச்சு வா," என்றேன்.

வலது காலைத்தான் எடுத்து வைத்தாள். உட்கார்ந்து, சேலை முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, வண்டியின் ஹேண்டில் பாரை இரண்டு விரலால் அசையாமல் பிடித்தாள்.

"ம், இப்ப ஒட்டுங்க."