திவானின் தலைப்பாகை

தகரப் பெட்டியைத் திறந்தாலே பூச்சி உருண்டை வாசனை மூக்கில் ஏறும். உள்ளே என் மாமனாரின் தலைப்பாகைத் துணி. சரிகை கறுத்துவிட்டது. ஒவ்வொரு போகிக்கும் இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைப்பேன். பிறகு அலுப்போடு மடித்து உள்ளேயே வைத்துவிடுவேன்.

கன்னடச் சீமையில் ஒரு சின்ன சமஸ்தானத்துக்கு மாமனார் திவான். ராஜா ஜனங்களுக்குச் சட்டசபை கொடுத்ததும் பதவிக்குப் பிரதம மந்திரி என்று பெயர் மாறியது. ஊரார் வாயில் என்னவோ திவான்தான். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது, திவான் நாட்டை விற்றுவிட்டார் என்று வீட்டின்மேல் கல்லெறிந்தார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் உத்தனப்பள்ளியில் இருந்த சொந்த நிலத்துக்கு வந்து ராகி விதைத்துக்கொண்டிருந்தார். அப்பா விலைபோய்விட்டார் என்றே என் கணவரும் நம்பினார். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். இருவருக்கும் நடுவே தூது போயே நான் ஓய்ந்துபோனேன்.

ஒருமுறை ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து மாட்டுவண்டியில் திரும்பும்போது மாமனார் உண்மையைச் சொன்னார். ராஜா இவரைக் கேட்காமலே இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கப்புறம்தான் இவருக்குச் சேதியே வந்தது.

"இதை உங்க பிள்ளைகிட்ட சொல்லக் கூடாதா மாமா?"

"ராஜா தப்பே பண்ண மாட்டாரும்மா, சட்டம் அப்படி. நல்லது நடந்தா ராஜா செஞ்சது, கெட்டது நடந்தா மந்திரி சொன்னது. அதுக்குத்தான் மந்திரின்னு ஒருத்தன்."

நானே கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். "ராஜா வாயால சொல்லட்டும், நம்பறேன்" என்று முடித்துவிட்டார்.

அந்த ராஜா ஒருநாள் பெங்களூர் போகும் வழியில் வந்தே விட்டார். பண்ணையாள் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அம்மா, களத்துல காரு நிக்குது. உள்ள இருக்கறவரு எறங்கவே மாட்டேங்கறாரு, சும்மா குந்திக்கினு இருக்கறாரு!"

மாமனாருக்குப் புரிந்துவிட்டது. திவான் தலைப்பாகையோடு வந்து கதவைத் திறந்தால்தான் ராஜா இறங்குவது வழக்கம். ராஜ்யமே போய்விட்டது, வழக்கம் போகவில்லை! நான் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, ராகித் தூசி படிந்த கையோடு அவசரமாகக் கட்டிக்கொண்டார்.

ராஜா நாற்காலியில் அமர்ந்து காபி குடித்தார். மாமனார் நின்றுகொண்டே இருந்தார். கணவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இதை விட்டால் வேறு நாள் வராது என்று நானே கன்னடத்தில் கேட்டுவிட்டேன்: "மகாராஜா, அன்றைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னது யார்?"

ராஜா டம்ளரைப் பார்த்தார். "திவான் சொன்னார், போட்டேன்."

மாமனார் மறுப்பார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் தலைகுனிந்து, "ஆமாம் பிரபு, என் யோசனைதான்" என்றார். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கார் கிளம்பியதும் மாமனார் தலைப்பாகையின் முனையை என்னிடம் நீட்டினார். பிரித்து மடிக்கும்போது, "எல்லாம் முறைப்படி நடந்துச்சாம்மா?" என்று களைத்த குரலில் கேட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மாமனார் காலமானார். அவரை மன்னிக்காமலே பின்னால் கணவரும் போனார். இந்தப் போகிக்கும் பெட்டியைத் திறந்தேன். நீளமான துணி; ஒருவர் முனையைப் பிடித்தால்தான் ஒழுங்காக மடிக்க வரும். ஜன்னல் கம்பியில் ஒரு முனையை முடிந்துகொண்டு நானே மடித்தேன்.