தலையைத் தூக்கு, டெல்ஃபின்

அது கனவு என்று அந்த டாக்டர் சொன்னதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போன அன்று ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கூடத்தில் கேக் வெட்டினார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களுக்கும் ஒரு துண்டு உண்டு என்று கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அவர் கையால் வெட்டிய கேக் என் தொண்டையில் இறங்கியிருக்காது.

நடந்தது இதுதான். எனக்குப் பித்தப்பையில் கல். தினமும் நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போகிற அதே ஆபரேஷன் தியேட்டருக்குள் அன்றைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிகிற அறையில் கொண்டுவந்து போட்டார்கள். விழித்தேன். வாய் காய்ந்திருந்தது. தண்ணீர் கேட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. யாரோ என் கையில் ஏறிக்கொண்டிருந்த சலைனை நன்றாகத் திறந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இமை விழுந்தது. தூக்கம் என்று நினைத்தேன். தூக்கம் இல்லை. ரேடியோவில் ஹாக்கி பேசிக்கொண்டிருந்தது முழுசும் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் பல்செட்டைக் காணோம் என்று திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. என் நாக்கு நகரவில்லை. விரல் நகரவில்லை. மூச்சை இழு என்று நெஞ்சுக்குச் சொன்னேன், நெஞ்சு கேட்கவில்லை. உள்ளே நான் முழுசாக இருந்தேன். வெளியே ஒரு மூட்டை கிடந்தது.

அப்போது காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"வில்ஃப், நான் பேசுறது உனக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும். உன் மூச்சை இப்ப நான் விடுறேன். நீ சண்டை போடாதே. ஒண்ணும் செய்யாதே. என் சத்தத்தைப் புடிச்சுக்கிட்டு இரு, போதும்."

முகத்தில் ரப்பர் மூடி அழுந்தியது. நெஞ்சுக்குள் காற்று வந்தது. குரல் நிற்கவே இல்லை. அவளுடைய அண்ணன் லியோவின் படகைப் பற்றிப் பேசியது. சிங்கிறால் பருவம் பிறக்கப் போகிறது, எஞ்சின் இருமுகிறது, மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன் என்கிறான், கஞ்சன், அப்பா மாதிரியே. என் இமை திரும்பவும் என் பேச்சைக் கேட்கிற வரைக்கும் அந்த எஞ்சின் இருமிக்கொண்டே இருந்தது.

மறுநாள் மயக்க டாக்டர் வந்தார். சொன்னேன். சிரித்தார். "மயக்கம் தெளியுறப்போ அந்த மாதிரி கனவெல்லாம் வரும், மிஸ்டர் பூட்டிலியர்." போர்வைக்கு மேலே என் காலைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் குரலுக்குச் சொந்தக்காரி வந்தாள். டெல்ஃபின் சாம்சன், தெளிகிற அறையின் நர்ஸ். அதுவரைக்கும் அவளுக்கும் எனக்கும் தலையசைப்புதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அது கனவு இல்ல."

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். மிச்சத்தையும் கேட்டுக்கோ. அறுக்குறப்போ வயித்துச் சதை இறுகாம இருக்க ஒரு மருந்து போடுவாங்க. உடம்பையே கட்டிப் போட்டுடும். முடிஞ்சதும் இன்னொரு மருந்து போட்டு அந்தக் கட்டை அவிழ்ப்பாங்க. உனக்கு ஒழுங்காத்தான் அவிழ்த்தாங்க. ஆனா ஊசி போட்ட குழாய்க்குள்ள கட்டு மருந்து கொஞ்சம் தங்கியிருக்கு. தியேட்டர்லயே குழாயைக் கழுவிவிட்டிருக்கணும், விடல. விட்டீங்களான்னு நான் கேட்டிருக்கணும், கேக்கல. சலைனைத் திறந்து அதை உனக்குள்ள தள்ளினது என் கை, வில்ஃப்."

"இதை ஏன் என்கிட்ட வந்து சொல்றே? வேலை போயிடும்."

"போனா போகட்டும். எது நிஜம், எது கனவுன்னு தெரியாம நீ ராத்திரி கண்ணை மூடப் பயப்படக் கூடாது."

 எட்டாம் வகுப்போடு படகேறியவன் நான். படகு விற்றுப்போன பிறகுதான் ஸ்ட்ரெச்சருக்கு வந்தேன். இந்த மாதிரி நேரத்தில் பேசுகிற வார்த்தை எதுவும் என்னிடம் கிடையாது.

"உங்க அண்ணன் எஞ்சினை மாத்துவானா மாட்டானா?" என்று கேட்டேன்.

அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு விடாமக் கேட்டிருக்கே, திருட்டுப் பயலே."

அப்படித்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

என்னிடம் சொன்னதையே அவள் மேலிடத்திலும் சொன்னாள். அவள் வேலை போகவில்லை. அது கனவுதான் என்ற டாக்டரின் பேச்சும் மாறவில்லை. மாறியது தெளிகிற அறையின் வாசல்தான். தியேட்டரிலிருந்து எந்த ஸ்ட்ரெச்சர் வந்தாலும் டெல்ஃபின் தன் பெரிய வெள்ளை ஷூவை முன் சக்கரத்துக்குக் கீழே வைத்துவிடுவாள்.

"குழாய் கழுவியாச்சா?"

"காலை எடு டெல்ஃபின், எனக்கு அடுத்த கேஸ் இருக்கு" என்பார் அந்த மயக்க டாக்டர்.

"கழுவியாச்சா?"

"ஆச்சு."

"யாரு கையால?"

சொன்ன பிறகுதான் கால் நகரும். நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறவன் நான். இரண்டு பக்கமும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளுக்குள் எனக்கு இனித்துக் கிடக்கும்.

அவள் ஐல் மடாம் என்கிற, பிரெஞ்சு பேசும் மீனவத் தீவுப் பெண். பிரெஞ்சில்தான் திட்டுவாள், ஜெபிப்பதும் அதில்தான். எங்கள் நிலக்கரி ஊருக்கு வேலைக்கு வந்து, கடைசிவரைக்கும் எங்களை மண்ணெலிகள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நாள் முழுக்க ஆம்பளைங்களை எழுப்பிக்கிட்டு இருக்கேன். வீட்டுக்குப் போயும் ஒருத்தனை எழுப்பணுமா?" என்பாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் சமையலறையில் தாராபிஷ் சீட்டாட்டம். கூசாமல் ஏமாற்றுவாள். பிடித்துவிட்டால் வெல்லப்பாகு ரொட்டியை வெட்டி வாயில் திணிப்பாள்.

கட்டு முழுசாக அவிழ்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, ஐந்து எண்ணும் வரைக்கும் பிடித்திருக்க வேண்டும். டெல்ஃபின் எண்ண மாட்டாள். கூடப் பிறந்தவர்களின் பெயரைச் சொல்வாள். லியோ, அஞ்சேல், கமீல், ரோஸ்மாரி, தெயோஃபீல். ஒருமுறை ஒரு சுரங்கத் தொழிலாளி, காளை மாட்டுக் கழுத்து, மூன்றாவது பெயரிலேயே தலையைப் பொத்தென்று போட்டுவிட்டான்.

"எங்க ரோஸ்மாரி அக்காவைப் பார்க்காமலே போறியே. இந்தக் கழுத்தை வெச்சுக்கிட்டு என்னதான் பண்றே?"

"இன்னொரு தடவை சொல்லு சிஸ்டர், பார்த்துடறேன்" என்றான் அவன், நாக்குக் குழற. அரை மணி கழித்து ஐந்து பேரையும் பார்த்தான். கட்டிலே அதிரக் கை தட்டினாள்.

தூக்க முடியாதவர்களிடம் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். கண் மூடிக் கிடக்கிறவரிடம், விரல்கூட அசையாதவரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி வானிலை, மீன் விலை, பாதிரியாரின் புது நாய். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தெரியாது.

பிறகு புது மயக்க டாக்டர் வந்தார். டாக்டர் ஒக்வோசா, சின்ன வயசுப் பெண். முதல் நாளே டெல்ஃபின் கேட்பதற்கு முன்னால், "கழுவியாச்சு, என் கையால" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்கே டெல்ஃபின் அவரைத் தத்தெடுத்துவிட்டாள். டாக்டர் ஒக்வோசா காலத்தில்தான் கட்டை அவிழ்க்கப் புது மருந்து வந்தது. டெல்ஃபின் அதைப் பற்றிச் சொன்னால் யாரோ சொந்தக்காரப் பையன் பாஸான மாதிரி இருக்கும்.

"பழசு என்ன பண்ணும் தெரியுமா? கட்டு மருந்தோட மல்லுக்கு நிக்கும். கட்டு தானா கொஞ்சம் தளர்ந்திருந்தாத்தான் ஜெயிக்கும். ஆழமாக் கட்டியிருந்தா அதால முடியாது. இது அப்படியில்ல. கல்யாண வீட்டுல குடிச்சுட்டு ஆடுறவனை, மச்சான்காரன் தோள்ல கை போட்டு, ஒரு வார்த்தை பேசாம வெளிய கூட்டிட்டுப் போயிடுவான் பாரு? அதுதான் இது. எவ்வளவு ஆழமா இருந்தாலும் அள்ளிக்கிட்டுப் போயிடும்."

ஆனால் விலை கூடுதல் என்று மருந்தைப் பூட்டிய அலமாரியில் வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு மட்டும்தான் திறக்க வேண்டும். டெல்ஃபின் அந்த அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் பிரெஞ்சில் ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள். அது ஜெபம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டு கலைக்கும்போது சொன்னாள், வயிற்றில் கட்டி என்று. சொல்லிவிட்டுச் சீட்டைப் போட்டாள்.

"எடுத்துடலாமாம். காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடுமாம். குடலு, கூட இன்னும் என்னென்னமோ." தன் சீட்டைப் பார்க்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "சாவுக்கு எனக்குப் பயமில்லடா. நிஜமா இல்ல. முழிச்சப்புறம் உடம்பு கட்டிக் கிடக்கணும், உள்ள இருந்து நான் கதவைத் தட்டணும், வெளிய யாருக்கும் கேக்காமப் போகணும். அது ஒண்ணுதான். இத்தனை பேரை எழுப்பிட்டேன். நான் முழிக்குறப்போ எவளாவது போனைப் பார்த்துக்கிட்டு நிப்பா."

"நான் நிக்கிறேன்."

"உன்னை உள்ள விட மாட்டாங்க."

"ஸ்ட்ரெச்சரோட நிப்பேன். ஸ்ட்ரெச்சரோட நிக்கிறவனை யாரு பார்க்கப் போறா?"

அவள் சிரித்தாள். பிறகு மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அசையலேன்னா பேசு வில்ஃப். எதையாவது பேசு. உனக்குப் பேச வராது, தெரியும். பரவால்ல, பேசு."

அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் ஒக்வோசா அவள் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். நானும் இருந்தேன். "நேரம் நிறைய ஆகும் சிஸ்டர். முடியுறதுக்குள்ள கட்டு தானாவே தளர்ந்துடும். பழைய மருந்தே தாராளம். ஆனாலும் புதுசை எடுத்துக் கையோட வெச்சுக்கறேன். நீங்க கட்டோட முழிக்க மாட்டீங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"குழாய்?"

"என் கையால."

காலையில் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். தியேட்டர் வாசலில் என்னைப் பார்த்து, "வாயைத் தொறந்து ஒத்திகை பாரு போ" என்றாள்.

நான் தெளிகிற அறையின் மூலையில் வெறும் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வரைக்கும் நிற்க ஆயத்தமாகத்தான் நின்றேன். வாய்க்குள்ளே பேச்சைத் தயார் செய்தேன். பனி, சாலைக் குழி, என் வண்டி, அவள் ஏமாற்றிய ஆட்டங்கள். மதியச் சாப்பாட்டு வண்டிகூட இன்னும் வரவில்லை, தியேட்டர் கதவு திறந்தது. வேறு யாரோ என்று நினைத்தேன். டெல்ஃபின்.

பின்னால் வந்த டாக்டர் ஒக்வோசா என்னைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். அங்கே இருந்த நர்ஸிடம் தாழ்ந்த குரலில் விவரம் சொன்னார். பாதி எனக்கும் கேட்டது. திறந்து பார்த்தார்கள், உள்ளே எங்கும் பரவிக் கிடந்தது, எடுக்க ஒன்றுமில்லை, மூடிவிட்டார்கள். கட்டு அப்போதுதான் நன்றாக இறுகியிருந்ததாம். பழைய மருந்து அதைத் தொட்டிருக்கக்கூட முடியாது. புது மருந்துதான் அவிழ்த்தது. சொல்லிவிட்டு டாக்டர் சுவர்ப் பக்கம் போய்க் கை கழுவுகிற குழாயடியில் நின்றார்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். அவள் கண் மூடியிருந்தது. வாயைத் திறந்தேன். தயார் செய்த பேச்சில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

"தலையைத் தூக்கு, டெல்ஃபின்" என்றேன். அதுதான் வந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். தலையைத் தூக்கினாள். நடுக்கமே இல்லை. கழுத்து நரம்பு நிமிர்ந்து நின்றது. தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள், போதும் போதும் என்று நர்ஸ் சொல்கிற வரைக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பயந்தது நடக்கவில்லை. விரல், தோள், நாக்கு எல்லாம் அவளுடையதாகவே இருந்தன.

தூக்கிய தலை இறங்கவில்லை. அவள் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அதற்குக் கீழேயே நின்று ஆட்களை எழுப்பியவள். எந்த அறுவைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலில் காலை வெயில். சாப்பாட்டு வண்டி அப்போதுதான் நடைபாதையில் கடகடத்து வந்தது.

தலையை மெதுவாகத் தலையணையில் வைத்தாள்.

"சீக்கிரம் வந்துட்டேன்" என்றாள்.

 அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுத்தினாள். வலிக்கிற மாதிரி அழுத்தினாள். பிறகு, "நல்ல மருந்துடா வில்ஃப். வாய்கூடக் காயல" என்றாள்.

 கண்ணோரத்தில் வழிந்ததைத் தன் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

மறு வாரம் லியோ வந்து அவளை ஐல் மடாமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒன்றைக் கேட்டால் கொண்டுவந்து கொடுக்க வீடு நிறையப் பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன், சீட்டாடுவோம். என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. பனி உருகுவதற்கு முன்னால் கண்ணை மூடிவிட்டாள். அவள் என்னைச் செய்யச் சொன்ன கடைசிக் காரியம் அன்றைக்குத் தெளிகிற அறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதுதான்.

"அந்த டாக்டர் பொண்ணு எங்கே?" என்று கேட்டாள்.

"குழாயடியில. கை கழுவுறாங்க."

"கழுவல. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நிக்கிறா. அந்த நிக்கிற தினுசு எனக்குத் தெரியும்." என் கையை விட்டாள். "போடா. சர்ஜன் வர்றதுக்குள்ள போ. டெல்ஃபினுக்குத் தெரிஞ்சுபோச்சு, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு சொல்லு. நான் கட்டோட முழிக்கல, நீ என்னை நல்லபடியா எழுப்பினேன்னு சொல்லு. அவ கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லு."